நியூசிலாந்துச் சாலைகள்: தனி நிதி இருந்தும் பராமரிப்பு பின்தங்கியது ஏன்?

சாலைப் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் முன்மாதிரியாகச் சுட்டப்படும் நாடுகளில் நியூசிலாந்து ஒன்று. அப்படிச் சுட்டுவதில் நியாயம் இருக்கிறது. சாலையைப் பயன்படுத்துபவரே அதற்குப் பணம் கட்டுகிறார். கட்டிய பணம் அரசின் பொதுக் கருவூலத்தில் கரையாமல் தனி நிதியாக நிற்கிறது. கனரக வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு எடை தாங்கியது என்று பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள். எந்தச் சாலையில் எந்த ஆண்டு தார் போட்டார்கள் என்ற பதிவு 1980-களிலிருந்தே கணினியில் இருக்கிறது. பாடப்புத்தகம் கேட்பதெல்லாம் அங்கே உண்டு.

ஆனாலும் அந்த நாட்டுச் சாலைகள் 2010-களில் மெல்ல மெல்லத் தளர்ந்தன. 2020-களின் தொடக்கத்தில் குழிகள் தேர்தல் பேச்சாகவே மாறின. 2023 இறுதியில் வந்த அரசு, 2024-இல் 'குழி தடுப்பு' என்ற பெயரிலேயே ஒரு தனி ஒதுக்கீடு செய்ய வேண்டியதாயிற்று. இத்தனை ஏற்பாடும் இருந்த இடத்தில் இது எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவூலத்துக்கும் சாலை நிதிக்கும் நடுவே நியூசிலாந்து உறுதியான சுவர் எழுப்பியது. அந்த நிதிக்கு உள்ளே, புதுச் சாலைக்கும் பழைய சாலைக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை. பராமரிப்புப் பணம் கசிந்தது அந்த வழியாகத்தான்.

பணம் வரும் வழி

சுமார் 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் 90,000 கிலோமீட்டருக்கு மேல் பொதுச் சாலைகள். அவற்றில் அரசு நெடுஞ்சாலை கிட்டத்தட்ட 11,000 கிலோமீட்டர்தான். ஆனால் மொத்த வண்டி ஓட்டத்தில் பாதியளவு அந்த நெடுஞ்சாலைகளில் நடக்கிறது. மீதிச் சாலைகள் எல்லாம் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஆள் குறைவு, சாலை நீளம், மலை நிறைய, மழையும் நிறைய. சாலையைக் காப்பாற்ற நினைக்கும் எவருக்கும் கடினமான கணக்கு இது.

சாலைப் பணத்தைத் தனியே வைக்கும் பழக்கம் அங்கே பழையது. 1922-லேயே முதன்மை நெடுஞ்சாலைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. 1953-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தேசியச் சாலைகள் வாரியம் உருவாயிற்று. அரசு, உள்ளாட்சி, சாலைப் பயனாளிகள் என மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் அதில் உட்கார்ந்தார்கள். கட்டணம் செலுத்துபவருக்கும் மேசையில் இடம் இருந்தது முக்கியமான விஷயம். பின்னாளில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சாலை நிதிகளைச் சீரமைத்தபோதும் இந்தக் கருத்தையே முன்வைத்தார்கள்.

1978-இல் நடைமுறைக்கு வந்த சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தைத்தான் இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் என்பேன். பெட்ரோலுக்கு வரி போடுவது எளிது. பெட்ரோல் பெரும்பாலும் சாலையில்தான் எரிகிறது. டீசல் அப்படியில்லை. டிராக்டர், மீன்பிடிப் படகு, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் டீசல் போகிறது. டீசல் விலையில் சாலை வரியைச் சேர்த்தால் உழவரும் மீனவரும் ஓட்டாத சாலைக்குக் காசு கட்ட வேண்டிவரும். நியூசிலாந்து டீசல் மேல் சாலை வரி போடுவதை விட்டுவிட்டு, டீசல் வண்டி ஓடும் தூரத்துக்கு நேரடியாகக் கட்டணம் வைத்தது. வண்டிக்காரர் 1,000 கிலோமீட்டர் அளவுகளில் முன்கூட்டியே உரிமம் வாங்க வேண்டும். கனரக வண்டியானால் சக்கரத்தின் மையத்தில் தூரம் அளக்கும் ஒரு சிறு மீட்டர் பொருத்தியிருக்கும். உரிமச் சீட்டில் எந்தக் கிலோமீட்டர் வரை பணம் கட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கும். சாலையில் மறிக்கும் அதிகாரி சீட்டையும் மீட்டரையும் ஒப்பிட்டால் போதும், வேறு விசாரணை தேவையில்லை. இப்போது மின்னணு மீட்டர்கள் வந்துவிட்டன, அடிப்படை மாறவில்லை.

எடைக்கு ஏற்ற கட்டணம் என்பதில் ஒரு பொறியியல் காரணம் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப் பாரம், அதாவது ஒரு சக்கர அச்சின் மேல் ஏறும் எடை, இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்காக இல்லாமல், ஏறத்தாழ 16 மடங்காகிறது என்று தெரிந்தது. சேதம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று இதைச் சொல்வார்கள். 10 டன் அச்சு ஒரு முறை உருண்டால், 1 டன் அச்சு 10,000 முறை உருண்டதற்குச் சமம். நான்காம் அடுக்கு எல்லா வகைச் சாலைக்கும் அப்படியே பொருந்தாது; ஆனால் கார்கள் சாலையைத் தேய்ப்பதில்லை, லாரிகள்தான் தேய்க்கின்றன என்ற முடிவை அது அசைக்க முடியாதபடி நிறுவியது. அதனால்தான் நியூசிலாந்துக் கட்டண அட்டவணையில் எடையோடு அச்சுகளின் எண்ணிக்கையும் பார்க்கப்படுகிறது. அதே பாரத்தைக் கூடுதல் அச்சுகளில் பகிர்ந்து சுமக்கும் லாரி குறைவாகக் கட்டும். சாலைக்கு நல்லது செய்பவருக்குப் பணத்திலேயே பலன் கிடைக்கிறது. எரிபொருள் வரியால் ஒருபோதும் இதைச் செய்ய முடியாது.

2008-இல் கடைசிப் படியும் நிறைவேறியது. அதுவரை பெட்ரோல் வரியில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெட்ரோல் வரி, சாலைப் பயன்பாட்டுக் கட்டணம், வண்டிப் பதிவுக் கட்டணம் எல்லாம் தேசிய நிலவழிப் போக்குவரத்து நிதிக்கே வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூசிலாந்துப் போக்குவரத்து முகமையும் பிறந்தது. நிதியைப் பகிர்வதும் நெடுஞ்சாலைகளை நிர்வகிப்பதும் இந்த ஒரே முகமையின் வேலை. அதற்கு முன் 1996 முதல் இவ்விரண்டையும் இரு அமைப்புகள் தனித்தனியே செய்துவந்தன. பணம் கொடுப்பவரையும் செலவழிப்பவரையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. தனியாக இருந்த நிதி அமைப்பு நெடுஞ்சாலைத் துறையையும் உள்ளாட்சியையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது.

பணம் பிரியும் விதம்

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிடும். புது நெடுஞ்சாலை, நெடுஞ்சாலைப் பராமரிப்பு, உள்ளூர்ச் சாலைப் பராமரிப்பு, பொதுப் போக்குவரத்து என்று ஒவ்வொரு தலைப்புக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று வரம்பு போடும். அந்த வரம்புக்குள் எந்த வேலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது முகமையின் வாரியம். எந்தச் சாலையைப் போட வேண்டும் என்று அமைச்சர் நேரடியாக உத்தரவிட முடியாது என்பது சட்டத்தின் எண்ணம்.

உள்ளூர்ச் சாலைக்கு நிதி முழுப் பணமும் தராது. சராசரியாக 53 விழுக்காடு தரும். மீதியை உள்ளாட்சி மன்றம் சொத்து வரியிலிருந்து போட வேண்டும். வசதி குறைந்த பகுதிகளுக்குப் பங்கு 75 விழுக்காடு வரை உயரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மன்றம் தன் பங்கைத் திரட்டாவிட்டால் தேசியப் பங்கும் வராது. சொத்து வரியைக் கூட்டத் துணியாத மன்றம் ஒரு டாலரை மிச்சப்படுத்தும்போது, சாலைக்கு வர வேண்டிய இன்னொரு டாலரையும் சேர்த்தே இழக்கிறது.

சாலைக்கு உள்ளே நடப்பது

நிதிக் கணக்கு எதனால் தவறாகிறது என்று புரிய வேண்டுமானால் சாலை எப்படி வயதாகிறது என்று பார்த்தாக வேண்டும். நியூசிலாந்துச் சாலைகளில் பெரும்பாலானவை கனமான தார்க்கலவை போட்டவை அல்ல. கெட்டித்த ஜல்லி அடித்தளம், அதன் மேல் மெல்லிய சிப்சீல் பூச்சு, அவ்வளவுதான். பூச்சுப் போடும் முறையும் எளிது. முதலில் குழி, விரிசல்களைச் சரிசெய்து, சாலையைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். 160 டிகிரிக்கு மேல் சூடாக்கிய தாரை லாரியிலிருந்து சீராகத் தெளிப்பார்கள். தார் ஆறுவதற்குள் பின்னாலேயே வரும் லாரி ஒரே அளவான கல்லைப் பரப்பும். ரப்பர் சக்கர ரோலர் கல்லை அமுக்கிவிடும். கடைசியில் ஒட்டாத கல்லைப் பெருக்கி எடுப்பார்கள். வெயில் காலத்தில்தான் இதைச் செய்ய முடியும். குளிரில் போட்டால் கல் பிடிக்காது. ஆகவே ஓர் ஆண்டின் வேலையைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

இந்தப் பூச்சின் வேலை பாரம் தாங்குவது அல்ல. தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும், சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்வதும்தான். பாரம் முழுவதையும் தாங்குவது கீழே உள்ள ஜல்லி. அது உலர்ந்திருக்கும் வரை உறுதி. காற்றும் வெயிலும் பட்டுத் தார் ஆண்டுதோறும் இறுகுகிறது. ஒரு கட்டத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய விரிசல் விடுகிறது. மழைநீர் இறங்குகிறது. ஒவ்வொரு லாரி போகும்போதும் அழுத்தத்தில் அந்த நீர் ஜல்லிக்குள் இருக்கும் நுண்மண்ணைக் கலக்கி மேலே தள்ளுகிறது. விரிசலின் ஓரத்தில் வெளிறிய சேறு கசிந்திருந்தால், அடித்தளம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். குழி விழுவது அதற்கும் பிறகு.

நேரத்துக்குப் பூச்சுப் போட்டால் செலவு சிறியது. விரிசல் விட்டு, நீர் இறங்கி, அடித்தளம் போன பிறகு முழுச் சாலையையும் கிளறிப் புதிதாகக் கட்ட வேண்டும். செலவு பல மடங்கு. உலக வங்கி 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 85 வளரும் நாடுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. இருபது ஆண்டுகளில் 4,500 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள சாலைகள் பராமரிப்பு இல்லாமல் அழிந்தன. 1,200 கோடி டாலருக்கும் குறைவாக உரிய நேரத்தில் செலவழித்திருந்தால் அவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சை ஓராண்டு தள்ளிப்போட்டால் சாலையில் பயணிப்பவர் எவருக்கும் எதுவும் தெரியாது. இரண்டாம் ஆண்டும் தெரியாது. சில ஆண்டுகள் தொடர்ந்து தள்ளிப்போட்ட பிறகு, ஒரு மழைக்காலத்தில் பல இடங்களில் ஒரே சமயத்தில் உடையும். அப்போது பதவியில் இருப்பவர், தள்ளிப்போட்டவராக இருக்கமாட்டார்.

சுவர் இல்லாத இடம்

இனி 2009-க்கு வருவோம். புதிதாக வந்த அரசு 'தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சாலைகள்' என்று ஏழு பெருந்திட்டங்களை அறிவித்தது. வைகாட்டோ விரைவுச்சாலை, ஆக்லாந்தின் மேற்கு வட்டச் சாலை, வெல்லிங்டனின் வடக்கு வழித்தடம், டௌரங்கா கிழக்கு இணைப்பு முதலானவை அந்த ஏழில் அடங்கும். இவை வீண் திட்டங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நெரிசலைக் குறைத்தன, எதிரெதிர் வண்டிகள் மோதும் ஆபத்தான பழைய சாலைகளுக்கு மாற்றாக நின்றன. ஆனால் பணம் வந்தது அதே நிதியிலிருந்து. புதுச் சாலைத் தலைப்பின் வரம்பு உயர, பராமரிப்புத் தலைப்பின் தொகை பெரிதாக நகரவில்லை. தொகை நகராமல் தார் விலையும் கூலியும் ஏறினால், அதே பணத்துக்குக் கிடைக்கும் பூச்சு குறையும். வரவு செலவு அறிக்கையைப் பார்ப்பவருக்கு 'பராமரிப்பில் கை வைக்கவில்லை' என்றே தெரியும். கிலோமீட்டரில் பார்த்தால்தான் வெட்டு தெரியும்.

பிறகு ஆட்சி மாறியது, முன்னுரிமையும் மாறியது. பொதுப் போக்குவரத்து, நடைபாதை, சாலைப் பாதுகாப்பு, ரயில் பாதை ஆகியவற்றுக்கும் அதே நிதியிலிருந்து பங்கு போனது. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு எதிரெதிர் கட்சிகளும் தங்கள் விருப்பத் திட்டத்துக்கு இடம் தேடியபோது நெருக்கடி வந்து விழுந்தது ஒரே இடத்தில் என்பதுதான். பூச்சுப் போடும் வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, அதைக் கேட்டு ஊர்வலம் போகும் கூட்டமும் கிடையாது. அப்படிப்பட்ட தலைப்பை மற்றவற்றோடு ஒரே மேசையில் உட்காரவைத்துப் போட்டியிடச் சொன்னால் அது தோற்கும். இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடந்ததில்லை, அமைப்பு அப்படி இருந்தது.

பராமரிப்பு என்ற தலைப்புக்கு உள்ளேயும் இதே கதை இன்னொரு முறை நடந்தது. புல் வெட்டுவது, தெருவிளக்கு, கோடு போடுவது, விபத்துக்குப் பின் சுத்தம் செய்வது, வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவது எல்லாம் அதே தலைப்பில் இருந்தன. இவற்றைத் தள்ளிப்போட முடியாது; அன்றாடம் செய்தே ஆக வேண்டும். போக்குவரத்தைத் திருப்பிவிடும் ஏற்பாட்டின் செலவு வேறு ஏறிக்கொண்டே போனது. ஆக, மொத்தத் தொகையில் அன்றாட வேலை முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ள, மிஞ்சியதுதான் பூச்சுக்கும் மறுகட்டுமானத்துக்கும் கிடைத்தது. ஆண்டுதோறும் மொத்தச் சாலையில் 9 விழுக்காட்டுக்குப் பூச்சுத் தேவை என்றால் நடந்தது அதற்குக் கீழேயே இருந்தது. 9 விழுக்காடு என்றால் ஒவ்வொரு சாலைக்கும் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பூச்சு. அது 6 விழுக்காடாகக் குறைந்தால் சுற்று 16 ஆண்டுகளுக்கு மேல் நீளும். பூச்சின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும்.

இதோடு வண்டிகளின் எடையும் கூடியது. 2010-இல் விதி மாறி, அனுமதி பெற்ற லாரிகள் பழைய 44 டன் வரம்பைத் தாண்டி ஏற்ற வழி பிறந்தது. 2013 முதல் ஒன்பது அச்சுகள் கொண்ட 50 டன் லாரிகள் பரவலாயின. அச்சு கூடியதால் ஒரு டன் சரக்குக்கு ஏற்படும் தேய்மானம் கூடவில்லை என்பது அதிகாரிகளின் வாதம். கணக்குப்படி அது சரிதான். ஆனால் பூச்சு முதிர்ந்து நீர் கசியும் சாலையில் அந்தக் கணக்கு நிற்காது. ஈரமான ஜல்லிக்கு ஒவ்வொரு கனத்த அச்சும் அடிதான். அப்புறம், 2022 ஏப்ரலில் மார்ஸ்டன் பாயின்ட் சுத்திகரிப்பு ஆலை சுத்திகரிப்பை நிறுத்தியது. நாட்டின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அது. அதன் பிறகு தார் முழுவதும் கப்பலில்தான் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் தேடிய தீர்வு

பணத்தைக் கூட்டாமல் நிர்வாகத்தைக் கூர்மையாக்கி ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கை நியூசிலாந்தில் நெடுநாளாக உண்டு. 1988-இல் பொதுப்பணி அமைச்சகம் கலைக்கப்பட்டது. அதன் பின் சாலை வேலை எல்லாம் டெண்டருக்குப் போனது. 1998-இல் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தார்கள். பே ஆஃப் பிளென்டி பகுதியில் சுமார் 400 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைப் பத்தாண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தக்காரரிடம் மொத்தத் தொகைக்கு ஒப்படைத்தார்கள். எத்தனை குழியை அடைத்தாய், எத்தனை டன் ஜல்லி போட்டாய் என்று கேட்பதை விட்டு, சாலை இந்தத் தரத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது. குழி விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கே நட்டம். அதனால் முன்கூட்டியே பூச்சுப் போடுவார் என்பது எதிர்பார்ப்பு.

கருத்து சரி. உலகெங்கும் இதைப் பின்பற்றினார்கள். ஆனால் பத்தாண்டு ஒப்பந்தத்தின் கடைசி மூன்று ஆண்டுகளை யோசித்துப் பாருங்கள். சாலையின் மேடு பள்ளமும் பிடிமானமும் அளவுக்குள் இருக்கின்றன. உள்ளே பூச்சு முதிர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது பூச்சுப் போட்டால் பலன் அடுத்த ஒப்பந்தக்காரருக்கு. அளவுகோல் எல்லாம் மேற்பரப்பைப் பார்ப்பதால், உள்ளே குறையும் ஆயுள் எந்தத் தாளிலும் பதிவாகாது. இன்னொரு இழப்பும் உண்டு: சாலையை உடைமையாக வைத்திருப்பவரின் அலுவலகத்தில் அந்தச் சாலையைத் தெரிந்தவர்கள் குறைந்துபோகிறார்கள். எந்த வளைவில் நீர் தேங்கும், எந்தச் சிறுபாலம் அடைபடும் என்ற அறிவு ஒப்பந்தக்காரரோடு போய்விடுகிறது.

2013-க்குப் பின் வந்த நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் இதிலிருந்து பாடம் கற்றன. ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு பூச்சு, எவ்வளவு மறுகட்டுமானம் என்ற அளவை உடைமையாளரும் பேசித் தீர்மானிக்கும் முறைக்குத் திரும்பினார்கள். ஏறக்குறைய அதே சமயம் எல்லாச் சாலைகளையும் ஒரே அளவுகோலில் ஆறு வகையாகப் பிரித்தார்கள். தேசியச் சாலைக்கு ஒரு தரம், நாளுக்குச் சில வண்டிகள் மட்டும் போகும் கடைக்கோடிச் சாலைக்கு வேறு தரம். இது மிகப் பயனுள்ள வேலை என்பது என் கருத்து. பணம் போதாதபோது எல்லாச் சாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மோசமான வழி. எதைக் கைவிடலாம், எதைக் கைவிடவே கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல இந்த வகைப்பாடு இடம் தந்தது.

சிறிய மன்றங்கள் கைகோத்ததும் இந்தக் காலத்தில்தான். மார்ல்பரோவில் 2000 முதலே நெடுஞ்சாலையையும் உள்ளூர்ச் சாலையையும் ஒரே அலுவலகம் பார்த்துவந்தது. 2014-இல் வைகாட்டோ மன்றங்கள் சாலைத் தரவையும் பொறியாளர்களையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கின. நார்த்லாண்டும் 2016-இல் அதே வழியில் போனது. ஒரு மன்றத்துக்கு மட்டும் கட்டுபடியாகாத நல்ல பொறியாளர், நாலைந்து மன்றங்கள் சேர்ந்தால் கட்டுபடியாகிறார்.

மரம் ஏற்றிய லாரிகள்

வட தீவின் கிழக்கு முனையில் கிஸ்போர்ன் பகுதி. மென்மையான, எளிதில் சரியும் மண், மெல்லிய சாலைகள், மக்கள் குறைவு, வருமானமும் குறைவு. மலைகளில் ரேடியாட்டா பைன் மரக்காடுகள். நட்ட மரம் வெட்டுக்கு வர 28 ஆண்டு அளவில் ஆகும். 1990-களில் ஏராளமாக நட்டார்கள். அவை எல்லாம் ஒரே காலத்தில் வெட்டுக்கு வந்தன. கால் நூற்றாண்டாகச் சில கார்களும் ஆட்டு லாரிகளும் போன மலைச்சாலையில் திடீரென்று நாள் முழுக்க மர லாரிகள் இறங்கின.

அந்த லாரிகள் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் ஒழுங்காகக் கட்டுகின்றன. ஆனால் அந்தப் பணம் போவது தேசிய நிதிக்கு. கட்டண விகிதம் நாடு முழுவதும் ஒன்றே. உறுதியான விரைவுச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும், மெல்லிய மலைச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் அதே காசு. சேதமோ பின்னதில் எத்தனையோ மடங்கு. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய நிதி தன் பங்கைத் தந்தாலும், உள்ளூர்ப் பங்கை மன்றம் சொத்து வரியில்தான் திரட்ட வேண்டும். அதாவது லாரியே வைத்திராத ஒரு முதியவரின் வீட்டு வரி, மரம் ஏற்றுமதிக்காக உடைந்த சாலைக்குப் போகிறது. சில மன்றங்கள் காட்டு நிலங்களுக்குத் தனி உயர் விகிதத்தில் வரி போட்டுப் பார்த்தன. கசப்பும் வழக்கும்தான் அதில் மிஞ்சின என்றாலும், வேறு கருவி அவர்கள் கையில் இல்லை.

தூரமும் எடையும் பார்த்துப் போடும் கட்டணத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது என்பது நியூசிலாந்தைப் பார்த்து நகலெடுக்க நினைக்கும் நாடுகள் அறிய வேண்டிய விஷயம். எந்தச் சாலையில் ஓடினாய் என்பதையும் பார்க்காத வரை, மெல்லிய சாலைகள் உள்ள ஏழைப் பகுதிகள் நட்டப்படவே செய்யும். மின்னணு மீட்டர்கள் இந்தத் தகவலை ஏற்கெனவே சேகரிக்கின்றன. கட்டணத்தை அதற்கேற்ப மாற்றும் துணிவுதான் இன்னும் வரவில்லை.

2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் இதே கிழக்குக் கரையைத் தாக்கியது. பாலங்கள் அடித்துப்போயின, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அதற்கு முந்தைய மாதம் கோரமண்டல் தீபகற்பத்தில் 25ஏ நெடுஞ்சாலை சரிந்து, புதுப் பாலம் கட்டி டிசம்பரில்தான் திறக்க முடிந்தது. இத்தகைய பேரழிவுகளுக்கு அரசு பொதுக் கருவூலத்திலிருந்து தனிப் பணம் தர வேண்டியிருக்கிறது, தரவும் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் விழும் சிறு சரிவுகளை அகற்றும் செலவு பராமரிப்பு ஏற்பாட்டின் மீதே விழுகிறது. அதைச் செய்ய வேண்டிய ஆட்களும் இயந்திரங்களும் பூச்சு வேலையிலிருந்துதான் போகிறார்கள். வடிகால் சுத்தமாக இருந்த இடங்களில் சரிவு குறைவு. வடிகால் தூர்வாருவதும் தள்ளிப்போடப்படும் வேலைகளில் ஒன்று.

2024-க்குப் பின்

2024 கொள்கை அறிக்கையில் எனக்கு முக்கியமாகப்படுவது தொகை அல்ல. மூன்று ஆண்டுகளுக்குக் குழி தடுப்புக்கென 390 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கினார்கள்; பெரிய தொகைதான். அதைவிடப் பெரிய மாற்றம், பராமரிப்பு என்ற ஒரே தலைப்பை இரண்டாக உடைத்தது. அன்றாட இயக்கம் ஒரு தலைப்பு. பூச்சு, மறுகட்டுமானம், வடிகால் இன்னொரு தலைப்பு. முதலாவதில் பணம் தீர்ந்தால் இரண்டாவதில் கை வைக்க முடியாது. ஆண்டுக்கு 9 விழுக்காடு சாலைக்குப் புதுப் பூச்சு, 2 விழுக்காடு மறுகட்டுமானம் என்று நீண்டகால இலக்கையும் எழுத்தில் வைத்தார்கள். கிலோமீட்டரில் இலக்கு வைத்தால் விலைவாசி ஏற்றத்தின் பின்னால் வெட்டை ஒளிக்க முடியாது.

நெடுஞ்சாலைக் குழிகளில் 95 விழுக்காட்டை 24 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்ற இலக்கும் அதோடு வந்தது. மக்களுக்குப் பிடித்தது இதுதான். எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஈரத்தில் அவசரமாக அடைக்கும் குழி சீக்கிரம் மறுபடி திறக்கும். அடைக்கப்பட்ட குழிகளின் எண்ணிக்கை கூடினால் சாலை நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. இந்த இரண்டு இலக்குகளில் 9 விழுக்காட்டைத்தான் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

அதே அரசு புது விரைவுச்சாலைகளின் பட்டியலையும் மீண்டும் கையில் எடுத்தது. 2024 முதல் 2027 வரையிலான தேசியத் திட்டத்தின் மதிப்பு 3,290 கோடி டாலர். வண்டிக்காரர்கள் கட்டும் வரியும் கட்டணமும் மட்டும் இதற்குப் போதவில்லை. அரசின் மானியமும் கடனும் சேர்ந்தன. 'பயன்படுத்துபவரே கட்டுகிறார்' என்ற பழைய கொள்கை இங்கே தளர்ந்துவிட்டது. கருவூலத்திடம் கை நீட்டத் தொடங்கிய பிறகு, கருவூலம் நிபந்தனை போடாது என்று எதிர்பார்க்க முடியாது.

வரவுப் பக்கத்திலும் மாற்றம் நடக்கிறது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 70.024 செண்ட் நிதிக்குப் போகிறது. பொருள் சேவை வரியையும் சேர்த்தால் 80 செண்ட் அளவு. 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் கார் 1,000 கிலோமீட்டருக்கு சுமார் 72 டாலர் கட்டுகிறது. அதே எடையுள்ள, 4.5 லிட்டரில் ஓடும் ஹைப்ரிட் கார் 36 டாலர்தான் கட்டுகிறது. சிறிய டீசல் வண்டிக்கு 76 டாலர். மின்சாரக் கார் 2024 மார்ச் வரை எதுவும் கட்டவில்லை. அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதற்கும் 76 டாலர் ஆயிற்று. சாலையின் மேல் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்மானத்தைத்தான் ஏற்படுத்துகின்றன. பழைய கார் வைத்திருக்கும் வசதியற்றவர், புது ஹைப்ரிட் வைத்திருப்பவரைப் போல இருமடங்கு சாலைக்குத் தருகிறார் என்பது நியாயமில்லை.

பெட்ரோல் வரியை எடுத்துவிட்டு எல்லா வண்டிகளையும் தூரக் கட்டணத்துக்குக் கொண்டுவரப் போவதாக அரசு 2025-இல் அறிவித்தது. பெட்ரோல் வரியைச் சில எண்ணெய் நிறுவனங்களிடம் வசூலித்தால் போதும். தூரக் கட்டணத்தை லட்சக்கணக்கான வண்டிக்காரர்களிடம் தனித்தனியே வசூலிக்க வேண்டும். கட்டாமல் தப்புவோரைப் பிடிப்பதும், 1,000 கிலோமீட்டருக்கு மொத்தமாக முன்பணம் கட்ட முடியாதவருக்கு மாதத் தவணை ஏற்பாடு செய்வதும் பெரிய வேலைகள். செய்யக்கூடியவைதான், கனரக வண்டிகளில் 1978-இலிருந்து செய்துகாட்டியிருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கான சட்டத்தை எழுதும்போதே, வரும் பணத்தில் முதல் பங்கு 9 விழுக்காட்டுப் பூச்சுக்கும் 2 விழுக்காட்டு மறுகட்டுமானத்துக்கும் வடிகாலுக்கும் என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்போது அந்த இலக்குகள் கொள்கை அறிக்கையில் மட்டுமே இருக்கின்றன. கொள்கை அறிக்கை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறக்கூடியது.